கொல்லிப்பாவையை நாடி

நாமக்கல் சமவெளியில் நின்று வடகிழக்கே நோக்கினால் கொல்லிமலை நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்கும். அதன் உயரம் ஏறத்தாழ 1300 மீட்டர். இமயத்தின்முன் இது வெறும் திட்டு. பனியில்லை, சறுக்கி விளையாட வழியுமில்லை. ஆயினும் மலை மனிதரை ஏன் இழுக்கிறது என்ற வினாவைச் சங்கப் புலவர்கள் இத்திட்டை முன்வைத்தே எழுப்பிவிட்டனர் என்பது நம் எண்ணம்.

வல்வில் ஓரியைக் கொன்று காரி இம்மலையைச் சேரருக்கு அளித்த செய்தியை அகநானூறு 209 சொல்கிறது. வேரில் பழுக்கும் பலா நிறைந்த மலை. வேந்தர்க்கு அதுவே போதிய காரணம். அதே பாட்டில் கடவுள் ஆக்கிய பாவையும் வருகிறாள். சிரித்தே கொல்பவள் என்று அவளைப் பற்றி வழங்கும் கதையைவிட, நற்றிணை 201-இல் பரணர் காட்டும் பாவையே நமக்கு வியப்பளிக்கிறாள். காற்று மோதினும், இடி விழினும், நிலமே அதிரினும் அவள் வடிவு அழியாது. எட்டாதவளை விரும்பாதே என்று இடித்துரைக்கும் பாங்கனுக்குத் தலைவன் தரும் மறுமொழி இது: அப்பாவைபோல் அவள் என் நெஞ்சைவிட்டு நீங்காள்.

மலையேறிகளின் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் உண்டா? எவரெஸ்டை நாடி ஜார்ஜ் மல்லோரி 1921, 1922, 1924 என மும்முறை சென்றார். இரண்டாம் முறை பனிச்சரிவில் சுமைதூக்கிகள் எழுவர் மாண்டனர். அதன் பின்னும் சென்றார். அவர் உடல் 1999-இல்தான் கிடைத்தது. மாண்ட எழுவரின் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

கொல்லியிலும் இக்கேள்வி உண்டு. காஞ்சியிலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினருக்கு மலை ஏறி வெல்லும் பொருளன்று, வீடு. சாலை வருமுன் ஒற்றையடிப் பாதையே அவர்களது வணிகவழி. இன்று காரவள்ளியிலிருந்து மேலேறும் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவதற்கென்றே இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், நம் மாணவர்களும்தான்.

அவர்களோடு ஒருமுறை ஆகாயகங்கைக்கு இறங்கினோம். ஆயிரம் படிக்குமேல். ஏனைய மலைகளுக்கு நேர்மாறாக, இங்கே இறக்கம் முதலில், ஏற்றம் பின்னர். ஏறும்போது நற்றிணை எவர் நினைவிலும் இல்லை. மூச்சிரைக்க மேலே வந்தபோது ஒரு பாட்டி பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார். எத்தனை முறை இப்படிகளில் ஏறியிருப்பீர்கள் என்று கேட்டோம். "அதை யாரு எண்ணுனா?" என்றார்.