பூட்டு மட்டும் போதுமா?

பட்டாசு ஆலையில் சுற்றுச்சுவர், இடிதாங்கி, அறைகளுக்கிடையே உரிய இடைவெளி என எல்லாம் விதிப்படி இருக்கலாம். மருந்துக் கலவையில் பிழை நேர்ந்தால் சுவரால் விபத்தைத் தடுக்க முடியாது. விருதுநகர் மாவட்டத்தினர் நன்கறிந்த இவ்வுண்மை இணையதளங்களுக்கும் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன், சிவகாசி அச்சகம் ஒன்றின் இணையதளத்தில் நாட்காட்டிகளுக்குப் பதிவு செய்தேன். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தது. ரசீதின் இணைய முகவரி என் ஆர்டர் எண்ணுடன் முடிந்தது. அதில் ஓர் இலக்கத்தைத் தவறுதலாக மாற்றித் தட்டியபோது, முன்பின் அறியாத ஒருவரின் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் அனைத்தும் திரையில் விரிந்தன. மோசடிக்காரர் ஒருவருக்கு இவ்விவரங்களே போதும். உரிமையாளரிடம் தெரிவித்தேன். 'சர்வர் பாதுகாப்புக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோமே' என்றார்.

மென்பொருளைப் புதுப்பிப்பதும், தேவையற்ற நுழைவழிகளை அடைப்பதும் சர்வர் பாதுகாப்பு. பூட்டுச் சின்னமோ, தகவல் செல்லும் வழியில் பிறர் படிக்க முடியாது என்பதை மட்டுமே உணர்த்துகிறது. 'இந்த ரசீது இவருக்கு உரியதா?' என்று சரிபார்க்க வேண்டியது செயலியின் நிரல். அது சரிபார்க்காவிட்டால், எத்தனை காவல் உள்ள சர்வரும் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடும். இணையப் பயன்பாடுகளின் ஆபத்துகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, 2021-இல் முதலிடத்தில் வைத்தது இத்தகைய அனுமதிக் குறைபாட்டைத்தான்.

இரண்டில் ஒன்று போதும் என்பதும் தவறு. பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2015-இல் ஏறத்தாழ 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவாடப்பட்டன. பழைய வலைப்பக்கங்கள், பயனர் தட்டச்சு செய்ததைச் சோதிக்காமல் தரவுத்தளத்துக்குக் கட்டளையாக அனுப்பின. தரவுத்தள மென்பொருளும் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தியாவிலும் 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

சர்வர் குறைகளுக்கான திருத்தங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்துவிடும். நமக்கென எழுதிய நிரலின் குறையை நாமே தேடித் திருத்த வேண்டும். எனவே இணையதளம் உருவாக்கித் தருபவரிடம், 'ஒருவரின் விவரத்தை மற்றொருவர் பார்க்க முடியுமா? சோதித்தீர்களா?' என்று கேட்டு, செய்துகாட்டச் சொன்ன பிறகே பணம் கொடுப்போம். மருந்து அறையைப் பார்க்காமல் ஆலைக்கு உரிமம் கொடுப்பதில்லை அல்லவா?