இந்தூர் ஆரண்யா: அரை மீட்டர் திண்ணை

'ஏழைகளுக்கு வீடு' என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது கண்ணகி நகர் மாதிரியான பிளாக்குகள்தான். 1980களில் மத்தியப் பிரதேசத்து இந்தூரில் கட்டடக் கலைஞர் பால்கிருஷ்ண தோஷி வேறு மாதிரி யோசித்தார். வீட்டைக் கட்டித் தராமல், வீட்டின் தொடக்கத்தை மட்டும் தருவது. அந்தக் குடியிருப்பின் பெயர் ஆரண்யா.

அடிப்படை யோசனை அவருடையது இல்லை. உலக வங்கி 1970களிலேயே இதற்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. சென்னையில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் மனைகள் அப்படி வந்தவைதான். ரோடு, தண்ணீர், சாக்கடை போட்டு மனையைக் கொடுத்துவிடுவார்கள். மிச்சம் உங்க பாடு. முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அஸ்திவாரமும் கக்கூஸும் கொடுத்துவிட்டு வீடு கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவதா?

ஆரண்யாவின் வரைபடத்தைப் பார்த்த பிறகு கோபம் கொஞ்சம் இறங்கியது. காரணம், திட்டம் போடும் முன் நடந்த வேலை. தோஷியின் வாஸ்து சில்பா அமைப்பும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தூரின் குடிசைப் பகுதிகளை அளந்தன. வீட்டுக்குள் மட்டும் இல்லை, வாசலுக்கு வெளியேயும். படி எங்கே, மரம் எங்கே, தள்ளுவண்டி எங்கே நிற்கிறது, சின்னக் கோயில் எந்த முனையில் என்று. சின்ன வீட்டில் பாதி வாழ்க்கை தெருவில்தான் நடக்கிறது. அதைக் கூட்டம், நெரிசல் என்று திட்டாமல், தேவை என்று எடுத்துக்கொண்டார்கள்.

விளைவு, வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே அரை மீட்டர் பட்டை. அதில் படி வைக்கலாம், ஓட்லா போடலாம் (நம்ம திண்ணைதான்), மேலே பால்கனி நீட்டலாம். இதையே மற்ற ஊர்களில் ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்கள்!

சுமார் 85 ஹெக்டேர், 6,500 மனைகள். அதில் 65 சதவீதம் மிக ஏழைகளுக்கு, ஒவ்வொன்றும் 35 சதுர மீட்டர். நம்ம கணக்கில் ஒரு கிரவுண்டில் ஆறில் ஒரு பங்கு. பணம் எங்கிருந்து? வசதியானவர்களுக்கான பெரிய மனைகளை லாபத்துக்கு விற்று, அந்தக் காசில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். பணக்காரரும் ஏழையும் ஒரே பேட்டையில்தான், ஆனால் ஒரே தெருவில் இல்லை. இந்த இடத்தில் தோஷி இன்னும் கொஞ்சம் துணிந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

1995இல் ஆகா கான் விருது, 2018இல் தோஷிக்குப் பிரிட்ஸ்கர். மாதிரிக்காக அவர் கட்டிக் காட்டிய 80 வீடுகளில் பல, பிறகு அடையாளமே தெரியாமல் மாறிவிட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை, மாறட்டும் என்றுதானே கட்டினது. உறுத்துவது வேறு. மனை விலை ஏறியதும் விற்றுவிட்டுக் கிளம்பிய ஏழைக் குடும்பங்களும் உண்டு. திண்ணைக்கு அரை மீட்டர் யோசித்து ஒதுக்கிய வரைபடம், அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை.