கோப்பியிலிருந்து பிளேன்டீ வரை

கொழும்பு மாளிகாவத்தைத் தேத்தண்ணிக் கடைகளில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வழமையான பானம். இந்தப் பழக்கம் அவ்வளவு பழையதல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை கோப்பி நாடாகவே அறியப்பட்டது. மாட்டுவண்டிகளிலும், 1867 முதல் கண்டி ரயிலிலும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது கோப்பிதான். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தோட்டங்களை அழித்தது. தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கொழும்பில் தேயிலையின் முதல் ஏலம் 1883 ஜூலை 30இல் நடந்தது. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து திரும்பிய தமிழகத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக்காக மலையகத்தில் நிலைத்தனர்.

செடி மாறினாலும் சரக்கு மாறவில்லை. கோப்பிக் கொட்டையில் 1819இல் வேதியியலாளர் ருங்கே பிரித்தெடுத்த கஃபீனும், தேயிலையில் 1827இல் கண்டு ‘தெயின்’ எனப் பெயரிடப்பட்ட பொருளும் ஒன்றே என்பது 1838இல் தெளிவாயிற்று. அது களைப்பை எப்படிப் போக்குகிறது என்பது விளங்க மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

விழித்திருக்கும் நேரம் நீள நீள, களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்கிறது. உடலசைவையும் ஊக்கத்தையும் ஆளும் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில், அடினோசினைப் பற்றும் ஏ2ஏ ஏற்பியும், ஊக்கம் தரும் டோபமைனைப் பற்றும் டி2 ஏற்பியும் ஒரே நரம்பணுக்களில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏ2ஏ தூண்டப்பட்டால் டி2 ஏற்பி டோபமைனைப் பற்றும் வலு குறைகிறது என்பதை 1991இல் ஆய்வாளர் ஃபெரே, ஃபுக்ஸே குழுவினர் எலி மூளையில் காட்டினர். நரம்பணுவுக்குள்ளும் இரண்டும் எதிரெதிராகவே வேலை செய்கின்றன. கஃபீன் அடினோசினின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஏற்பியைத் தூண்டாது. தடை விலகுவதால், இருக்கிற டோபமைனே கூடுதலாகப் பலிக்கிறது. ஆகவே தேத்தண்ணி தெம்பைப் புதிதாகத் தருகிறது என்பது பாதி உண்மைதான்.

கஃபீனுக்கும் அடினோசினுக்கும் இடையிலான இந்தக் கணக்கு ரமழான் நோன்பு மாதத்தில் நன்றாகத் தெரியும். நாள்தோறும் குடிப்பவரின் மூளை அடினோசினுக்குக் கூடுதலாக இசைந்து போயிருக்கும். பகலில் தேத்தண்ணி நின்றதும் அடினோசின் தடையின்றி வேலை செய்கிறது; மூளையின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. முதல் சில நாள் தலையிடிக்குப் பசியோடு இதுவும் ஒரு காரணம். நோன்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கோப்பைகளைக் குறைத்து வருவது நல்லது.

டோபமைன் குறையும் பார்க்கின்சன் நோய்க்கும் அடினோசினை மறிக்கும் இதே வழி பயன்பட்டது. ஏ2ஏ ஏற்பியை மட்டும் மறிக்கும் இஸ்ட்ரடெஃபிலின், அந்நோய்க்கான லெவோடோபா மருந்துடன் சேர்த்துக் கொடுக்கும் மருந்தாக 2013இல் ஜப்பானிலும் 2019இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.