பறக்கும் ஊர்திச் சண்டை விளையாட்டுகள்: 1990களின் கணினி விளையாட்டு வகை

வருங்காலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்த பறக்கும் ஊர்தியை ஓட்டியபடி எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் கணினி விளையாட்டுகள் 1990களில் தனி வகையாகவே செழித்தன. 'விங் கமாண்டர்' (1990), 'எக்ஸ்-விங்' (1993), 'டை ஃபைட்டர்' (1994) ஆகியவை விண்வெளிச் சண்டைக்கு இலக்கணம் வகுத்தன. 1995 முதல் சுரங்கம், மலைவெளி, நகரம் என்று களம் விரிந்தது. இன்று இவற்றில் ஒன்றை எடுத்து ஆட நினைப்பவர் வெளிவந்த ஆண்டையும் படத்தின் அழகையும் பார்ப்பதைவிட, ஊர்தி எங்கே பறக்கிறது என்று பார்ப்பதே மேல். களம் மாறினால் கைக்கு வேண்டிய பழக்கமும் மாறிவிடும்.

சுரங்க விளையாட்டுகளில் முதலிடம் 'டிசென்ட்'டுக்கு. மைக் கூலஸ், மாட் டோஷ்லாக் இருவரும் தொடங்கிய பாரலாக்ஸ் நிறுவனம் உருவாக்கி, இன்டர்ப்ளே 1995இல் வெளியிட்டது. கதை எளியது. வேற்றுக் கோள்களின் சுரங்கங்களில் வேலை செய்யும் எந்திரங்கள் மதம் பிடித்துத் திரிகின்றன. ஆட்டக்காரர் 'பைரோ' என்ற சிறு ஊர்தியில் உள்ளே போய், நீலம், மஞ்சள், சிவப்புச் சாவிகளைத் தேடிக் கதவுகளைத் திறந்து, அணு உலையைத் தகர்க்க வேண்டும். உலை வெடித்ததும் கடிகாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கும். அதற்குள் வெளியேறும் வழியைப் பிடித்தாக வேண்டும். வழியில் மீட்ட பணயக்கைதிகள் ஊர்தியில் இருக்கும்போது அது அடிபட்டு அழிந்தால் அவர்களும் போய்விடுவார்கள்.

டிசென்ட்டின் புதுமை விளங்க அதை 'டூம்' (1993) விளையாட்டோடு ஒப்பிடலாம். டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை இருக்க முடியாது. எதிரிகளும் தட்டைப் படங்கள். டிசென்ட்டில் சுரங்கம் முழுவதும் ஆறு முகம் கொண்ட கட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டி அமைந்தது. ஒரு கட்டத்தின் வாய் வழியே கண்ணுக்குத் தெரியும் அடுத்த கட்டங்களை மட்டுமே கணினி வரைந்தால் போதும். அந்நாளைய 486 கணினியிலும் முழு முப்பரிமாணம் ஓடியது இந்த உத்தியால்தான். எந்திரங்கள் முப்பரிமாண உருவங்களாக வந்தன. பணயக்கைதிகளோ பழையபடி தட்டைப் படங்கள்!

ஊர்தி முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று அச்சிலும் நழுவும். மூன்று அச்சிலும் சுழலவும் செய்யும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முன்னே, பக்கவாட்டில், மேலே ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி மூலைவாட்டில் போவார்கள். மூன்று வேகங்களும் கூடுவதால் நேர்ப்போக்கைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு விரைவு கிடைக்கும். புதியவருக்கு முதலில் கிடைப்பதோ தலைசுற்றல். எது தரை, எது கூரை என்பதே மறந்துபோகும். கம்பிச் சட்டம்போல் விரியும் முப்பரிமாண வரைபடமும் உடனே கைகொடுக்காது. ஊர்தியைத் தானாக நிமிர்த்தும் அமைப்பை இயக்கிவிட்டு, ஐந்து கடின நிலைகளில் முதல் இரண்டுக்குள் தொடங்குவது நல்லது. 'டிசென்ட் 2' (1996) சாவிக்கு வழிகாட்டும் துணை எந்திரம் ஒன்றைத் தந்தது. கூடவே ஆயுதத்தைத் திருடிக்கொண்டு ஓடும் எந்திரத்தையும் சேர்த்தது. 'டிசென்ட் 3' (1999) திறந்தவெளிக்கும் வந்தது. படம் அழகானது, ஆனால் சுரங்கத்தின் நெருக்கடி தளர்ந்தது. தொடரில் ஒன்றை மட்டும் ஆட விரும்புவோருக்கு இரண்டாவதே பொருத்தம்.

1998இல் வந்த 'ஃபோர்சேக்கன்' இதே சுரங்க ஆட்டத்தைப் பறக்கும் பைக்கில் ஏற்றியது. அதன் வண்ண ஒளிகள் அந்நாளைய கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதித்துப் பார்க்க உதவின. நிலைகளைப் பொறுத்தவரை டிசென்ட்டின் நுணுக்கம் இதில் இல்லை. 2018இல் இதன் புதுப்பித்த பதிப்பு வந்திருப்பதால் ஓடவைப்பது எளிது.

சுரங்கம் மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கு டெர்மினல் ரியாலிட்டி உருவாக்கிய 'டெர்மினல் வெலாசிட்டி' (1995) ஏற்றது. மலைகளுக்கு மேலே சீறிப் பாய்ந்து, தரையடிக் குகைக்குள் புகுந்து, குறி வைத்ததைச் சுட்டுவிட்டுப் போகலாம். யோசிக்க நேரமுமில்லை, தேவையுமில்லை. இதே நிறுவனம் இதே பாணியில் மைக்ரோசாஃப்ட்டுக்காகச் செய்தது 'ஃபியூரி 3' (1995). இரண்டில் ஒன்றை ஆடினால் போதும். 'ஃபியூரி 3'இன் தொடர்ச்சியான 'ஹெல்பெண்டர்' (1996) விளையாட்டில் ஊர்திக் கணினிக்குக் குரல் கொடுத்தவர் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' நடிகை கில்லியன் ஆண்டர்சன்.

சைக்னோசிஸின் 'ஜி-போலீஸ்' (1997) வியாழனின் துணைக்கோளான கலிஸ்டோவில், குவிமாடம் மூடிய குடியேற்ற நகரங்களில் நடக்கிறது. ஊர்தி ஹெலிகாப்டரைப்போல் அந்தரத்தில் நிற்கும். சந்துகளில் கட்டடங்களுக்கு நடுவே துரத்தலாம், காவல் பணி செய்யலாம். களத்தின் சூழலை உணர்த்துவதில் இதற்கு இணை குறைவு. பிளேஸ்டேஷனில் கொஞ்ச தூரத்துக்கு மேல் நகரம் கண்ணுக்கே தெரியாது. கட்டடங்கள் திடீரென்று எதிரில் முளைக்கும். இதை ஆடுவதானால் கணினிப் பதிப்பையே தேட வேண்டும்.

விண்வெளி வேண்டுமென்றால் 'ஃப்ரீஸ்பேஸ் 2' (1999). பாரலாக்ஸ் இரண்டாகப் பிரிந்தபோது ஒரு பாதி அவுட்ரேஜ் ஆனது. 'டிசென்ட் 3' அதன் கைவண்ணம். மறுபாதியான வொலிஷன் விண்வெளிக்குப் போனது. ஃப்ரீஸ்பேஸின் 1998ஆம் ஆண்டு முதல் பாகத்தின் பெயரில் 'டிசென்ட்' என்று ஒட்டியிருந்தது பெயருரிமைச் சிக்கலைத் தவிர்ப்பதற்கே. கதையில் சுரங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாம் பாகத்தில் 6 கிலோமீட்டர் நீளப் போர்க்கப்பல் ஒன்று வருகிறது. பெருங்கப்பல்கள் ஒன்றையொன்று ஒளிக்கற்றையால் அறுக்க, ஆட்டக்காரரின் சிறு ஊர்தி நடுவில் அல்லாடும். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனையோ மந்தம்.

எதைத் தேர்ந்தாலும் இன்றைய கணினியில் ஓடுமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. இதில் டிசென்ட் குடும்பத்துக்கு ஒரு நற்பேறு: மூல நிரல்கள் பொதுவில் வந்துவிட்டன. முதலிரு பாகங்களுக்கு ஆர்வலர்கள் 'டிஎக்ஸ்எக்ஸ்-ரீபர்த்' செய்தார்கள். ஃப்ரீஸ்பேஸ் 2 நிரல் 2002இல் வெளிவந்து 'ஃப்ரீஸ்பேஸ் ஓபன்' ஆக வளர்ந்தது. டிசென்ட் 3 நிரல் 2024இல் வந்தது. இவற்றுக்கு அசல் விளையாட்டின் கோப்புகள் தனியே வேண்டும். முதல் டிசென்ட்டை அசல் நிரலிலேயே ஓட்டுபவருக்கு ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. துரத்தி வரும் ஏவுகணை திரும்பும் திறன், நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பதோடு பிணைந்தது. கணினி வேகமாக இருந்தால் ஏவுகணையிடமிருந்து தப்புவது மிகக் கடினம்.

பழைய நிரல்களோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர்களுக்கு, கூலஸும் டோஷ்லாக்கும் மறுபடி சேர்ந்து 2018இல் வெளியிட்ட 'ஓவர்லோட்' இருக்கிறது: அதே சுரங்கம், அதே உலை, அதே ஓட்டம்.