மணமகளின் மங்கலம்: சவ்வாது மலைக் கதை ஒன்றும் சங்கச் சான்றுகளும்

திருமண நாளில் மணமகளுக்கு நன்மை சேரும் என்று கருதி நம் முன்னோர் கைக்கொண்ட அடையாளங்கள் பல. நாள் பார்த்தனர், புள் நிமித்தம் பார்த்தனர், நீராட்டினர், முளைப்பாலிகை வைத்தனர், நூல் அணிவித்தனர். இவற்றைத் தொகுத்துக் கூறும் கட்டுரைகள் உள. அந்த அடையாளங்கள் எதனைக் காத்தன, எவரைக் கைவிட்டன என்னும் வினாவை எழுப்பினோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை தேட நம் சவ்வாது மலையிலிருந்தே தொடங்கலாம்.

சவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. சாமை விளையும் இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள். மலையை ஆள்பவர் என்னும் பொருளுடைய பெயர் அது, கேரளத்தோடு தொடர்புடையதன்று. அவர்கள் பேசும் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் இக்கதை இடம்பெற்றது. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தம் நூலில் எட்கர் தர்ஸ்டனும் இதனை எடுத்துரைத்தார்.

கதை இது: கங்குந்தி வேடர்கள் காஞ்சி வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினங்கொண்ட வேடர்கள் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். 'நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று கொண்டு இறுதிக்கடன் செய்துவிடுங்கள்' என்று தம் மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் நீந்திக் கரையேறினர்; நாய்களோ பாதி ஆற்றில் திரும்பிக் காஞ்சிக்கு ஓடின. வேடரை வென்று மீண்ட எழுவரும் தம் இல்லங்களில் தமக்கே ஈமக்கடன் முடிந்திருக்கக் கண்டனர். மனைவியர் கைம்மை எய்தியிருந்தனர். உயிரோடிருந்தும் ஊரில் இடமற்றுப் போன அவ்வெழுவரும் வேடர் குலப் பெண்டிரை மணந்து சவ்வாது மலையேறிப் பயிர்த்தொழில் செய்தனர். அவர் வழியினரே மலையாளிகள் என்று கதை முடிகிறது.

இது நிகழ்ந்தது சக ஆண்டு 1055 என்பர். கி.பி. 1133 அளவில், விக்கிரம சோழன் ஆட்சியின் இறுதியில் என்று கணக்கிடலாம். எனினும் வாய்மொழிக் கதை தரும் ஆண்டைக் கல்வெட்டுச் சான்றாகக் கொள்ளுதல் தகாது. நாம் கருதத் தக்கது அக்கதையில் உறைந்துள்ள உலகியலே. கணவன் இறந்தானா என்பதை எவரும் சென்று பார்க்கவில்லை. ஒரு குறி வந்தது, மங்கலம் களையப்பட்டது. கணவன் மீண்டு வாயிலில் நின்றபோதும் களைந்தது மீண்டும் சேரவில்லை. உயிருள்ள மனிதனைவிட அவன் இறந்தான் என்னும் குறி வலியதாயிற்று. ஓர் இனத்தின் தோற்றமே பிழைபட உணரப்பட்ட ஒரு குறியிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுவது எண்ணத் தக்கது.

இனிச் சங்கச் சான்றுகளை நோக்குவோம். அகநானூற்றின் 86ஆம் பாடல் நல்லாவூர் கிழாருடையது. உழுந்து கலந்த களி, பந்தலில் பரப்பிய புதுமணல், விளக்கு, மாலை, திங்களை உரோகிணி கூடிய விடியற்பொழுது ஆகியவற்றோடு அமைந்த மணவிழாவை அது காட்டுகிறது. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் நீரும் பூவும் நெல்லும் சொரிந்து மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அங்கே தாலி கட்டுதல் கூறப்படவில்லை. 136ஆம் பாடல் விற்றூற்று மூதெயினனாருடையது. வாகை இலையையும் அறுகம்புல்லின் முகையையும் வெண்ணூலோடு சூட்டும் வழக்கத்தை அதில் காண்கிறோம். இந்நூலே பிற்காலத் தாலிக் கயிற்றுக்கு முன்னோடி என்பார் உளர். சூட்டுதல் தலைக்கும் உரியதாகலின் அதனை உறுதியாகக் கூறல் அரிது. பிறர்க்கு வழங்கலாகாத அணி என்று புறநானூற்று 127ஆம் பாடல் குறிப்பதைத் தாலி எனக் கொள்வோர் ஒருபுறம். பழந்தமிழர் மணத்தில் தாலி இல்லை என்ற மா. இராசமாணிக்கனார் போன்றோர் மறுபுறம். இவ்வழக்கு நெடிது.

தாலி இருந்ததா இல்லையா என்பதினும் எனக்கு வியப்பளிப்பது அந்த அறுகம்புல். முதிர்ந்த கன்று கறித்த புல் அது. முதல் மழை பெய்ததும் மீண்டும் துளிர்த்தது. அதனைத்தான் மணமகளுக்கு உரியதாகத் தேர்ந்தனர். சிலப்பதிகார மங்கல வாழ்த்தில் மகளிர் ஏந்திய முளைப்பாலிகையும் முளைத்தெழும் உயிரின் அடையாளமே. மணமகளின் நன்மையை மீளத் தழைப்பதன்மேல் வைத்தது ஒரு மரபு; ஒருவன் உயிரின்மேல் மட்டும் வைத்தது மற்றொரு மரபு. முன்னதற்கு அழிவுக்குப் பின்னும் தளிர் உண்டு, பின்னதற்கு இல்லை.

இவ்வளவில் சங்ககாலம் குறைவற்றது என்று மகிழ்ந்துவிட இயலாது. நீராட்டிய நால்வரும் இழை அணிந்தோர், மக்களைப் பெற்றோர். இழை களைந்த கைம்பெண்ணுக்கு அப்பந்தலில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை. கைம்மை நோன்பின் கொடுமையைப் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு 246ஆம் புறப்பாட்டில் உரைத்துத் தீப்புக முனைந்ததை நாம் அறிவோம். விலக்கும் மரபும் பழையதே.

காலம் மாறாமலும் இல்லை. 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களை ஏற்றபோது, மாலை மாற்றினும், மோதிரம் அணிவிப்பினும், தாலி கட்டினும் மணம் செல்லும் என்றது. தாலி பல வழிகளுள் ஒன்றாயிற்று. மலையாளிகளிடையே கைம்பெண் மறுமணத்துக்குத் தடையில்லை என்பதையும் இனவரைவியலார் பதிவு செய்துள்ளனர். கீழ்நாட்டார் நெடுங்காலம் அடைத்து வைத்த கதவு மேலே மலையில் திறந்தே இருந்தது.

எனினும் இன்றும், மகளைப் பெற்று வளர்த்து மணம் முடிக்கும் தாய், கைம்பெண்ணாயின் தூண் மறைவில் நிற்கக் காண்கிறோம். தட்டில் வலம்வரும் தாலியை எல்லாரும் தொட்டு வாழ்த்துவர். அவளிடம் மட்டும் அத்தட்டு செல்வதில்லை. அவள் வாழ்த்தினால் மகளுக்கு ஆகாது என்று அஞ்சும் நாம், நாய்களைக் கண்டு முடிவு செய்த காஞ்சி ஊராரினும் எவ்வகையில் தெளிந்தோம்?

மன்றத்துக் கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம். அக்கதையில் மீட்கச் சென்ற எழுவர்க்கு மலை கிடைத்தது, வழித்தோன்றல்கள் கிடைத்தனர். காஞ்சியில் தங்கிய மனைவியர் எழுவரையும் கதை அத்துடன் மறந்துவிட்டது. கணவர் வாயிலில் வந்து நின்று திரும்பிய அந்நாளில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எவரும் கேட்கவில்லை. பத்தாண்டு கவிதை வளர்த்த மன்றத்தில் எவரேனும் அதனைப் பாடுக. மன்றத்து உறுப்பினர் இல்லங்களில் இனி நிகழும் திருமணங்களில் அந்தத் தட்டு தூண் மறைவில் நிற்கும் தாயிடமும் செல்லுமாயின் அப்பாடலுக்குப் பொருள் கிட்டும்.