தலையணை உறையும் பூனை முடியும்

வாக்குவம் கிளீனர்னதும் பல பேருக்கு ஹூவர்ங்கற பேர்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கிலாந்துல அது வினைச்சொல்லாவே ஆயிடுச்சு. ஆனா அந்த ஹூவர் எதையும் கண்டுபிடிச்சவர் இல்லை. குதிரைக்குச் சேணம், லகான் மாதிரி தோல் சாமான் செஞ்சு வித்தவர். வீட்டுல கையில பிடிச்சு ஓட்டுற மெஷினைச் செஞ்சவர் ஒரு கடையைப் பெருக்கிக்கிட்டிருந்த ஆளு. அவர் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவுல எங்க வீட்டுப் பூனையும் வரும், பொறுத்துக்கோங்க :-)

அவருக்கு முன்னாடி லண்டன்ல ஒருத்தர். ஹ்யூபர்ட் செசில் பூத், நம்மள மாதிரி இஞ்சினியர்தான் (நாம கட்டுறது கோடு, அவர் கட்டுனது பாலம். வியன்னாவுல இன்னிக்கும் சுத்துற ராட்சத ராட்டினத்துலயும் அவர் வேலை இருக்கு). 1901 வாக்குல காத்தை ஊதித் தூசியைக் கிளப்புற ஒரு மெஷினைப் பார்க்கறார். ஏன் ஊதணும், உறிஞ்சினா என்னன்னு கேட்டாராம். அப்புறம் ஒரு ஹோட்டல்ல உட்கார்ந்து, நாற்காலி மெத்தை மேல கைக்குட்டையை வெச்சு வாயால உறிஞ்சிப் பார்த்து இருமித் தள்ளியிருக்கார். கைக்குட்டையோட அடிப்பக்கம் ஒரே அழுக்கு. அதே வருஷம் பேடண்ட்.

அவரோட மெஷின் ஒரு குதிரை வண்டி சைஸ். பெட்ரோல் இஞ்சினோட வீட்டு வாசல்ல நிக்கும், ஜன்னல் வழியா குழாயை உள்ள விடுவாங்க. 1902-ல ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபே கம்பளங்களைச் சுத்தம் பண்ணது இதுதான். பணக்காரங்க வீட்டுச் சமாச்சாரம், சாமானியனுக்கு ஆகாது.

இப்போ அமெரிக்கா, ஒஹையோ மாநிலத்துல கேண்டன். ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர். அறுபதை நெருங்கின வயசு. விவசாயக் கருவிகளுக்கு ஏற்கெனவே பேடண்ட் வாங்கியும் பெருசா காசு பார்க்காதவர். ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர்ல ராத்திரி பெருக்குற வேலை. அவருக்கு ஆஸ்துமா. கம்பளத்தைப் பெருக்கக் பெருக்கத் தூசி கிளம்பி மூச்சு முட்டும். வேலையை விட்டா சோறு இல்லை. 1907-ல மனுஷன் ஒரு மின்விசிறி மோட்டாரை எடுத்து, துடைப்பக்கட்டையில பொருத்தி, பின்னாடி தூசி பிடிக்க ஒரு தலையணை உறையைக் கட்டிட்டார். முன்னாடி சுத்துற ஒரு பிரஷ். 1908 ஜூன்ல பேடண்ட் கிடைச்சது. தெரிஞ்சவங்களான சூசன் ஹூவர் வீட்டுல அது வேலை செஞ்ச அழகைப் பார்த்து, அவங்க கணவர் வில்லியம் ஹூவர் பேடண்டை வாங்கினார். கார் வந்து சேணம் வியாபாரம் படுக்கப் போற நேரம் அது! ஸ்பேங்ளருக்கு ராயல்டி வந்துச்சு. 1915 ஜனவரியில போயிட்டார்.

அந்த உருட்டு பிரஷ்ஷைக் கவனிங்க. மொத்தக் கதையும் அங்கதான் இருக்கு. பூத் மெஷின்ல வெறும் உறிஞ்சல்தான். புழுதிக்கு அது போதும். பூனை முடிக்குப் போதாது. முடி லேசு, நீளம், கம்பள இழைக்குள்ள பின்னிக்கும், நிலைமின்சாரத்துல ஒட்டிக்கும். காத்து அதைச் சுத்திக்கிட்டுப் போயிடும். ஏதாவது ஒண்ணு தட்டி, சீவி எடுக்கணும். 1926-ல ஹூவர் கம்பெனி அந்த உருளையில தட்டுற பட்டைகளையும் சேர்த்தது.

ஆனா சுத்துற உருளையில நீளமா எதைக் கொடுத்தாலும் என்ன ஆகும்? தக்ளி! முடி நூல் மாதிரி சுத்திக்கிட்டே ஓரத்துக்கு நகர்ந்து பேரிங்குக்குள்ள போகும். உருளை நின்னுடும், மோட்டார் நிக்காது. நடுவுல இருக்கற ரப்பர் பெல்ட் தேய்ஞ்சு, உருகி, அறுந்துடும். எந்தப் பாகம் முடியை எடுக்குதோ, அதுதான் முடியாலயே சாகுது. இதைச் சரிபண்ண ரொம்ப நாள் ஆச்சு. 1921-ல எலக்ட்ரோலக்ஸ் உருளை மாதிரி ஒரு மெஷினைத் தரையில சறுக்க விட்டாங்க. தூசி பையிலயே நின்னுடும், விசிறிக்குப் போகாது, அதனால விசிறி தப்பிச்சது. ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செஞ்சு பார்த்து, 1993-ல பை இல்லாத டிசி01-ஐ விட்டார். அவர் சண்டை பையோட, பிரஷ்ஷோட இல்லை. தானா ஓடுற ரூம்பா 2002-ல வந்தது, முடி அதுலயும் சுத்துச்சு. 2013-ல அதுக்கு ரப்பர் உருளை போட்டாங்க. 2021-ல டைசன் கம்பெனி கூம்பு வடிவ பிரஷ் கொடுத்தாங்க, முடி ஒல்லியான முனைக்கு நழுவி வந்து விழுந்துடும். கணக்குப் போட்டா ஸ்பேங்ளருக்கு அப்புறம் 113 வருஷம்.

இப்போ குட்டி. நியூஜெர்சியில எங்க வீடு முழுக்கக் கம்பளம். கல்யாணத்துக்கு முன்னாடியே மனைவி வளர்த்த பூனை அது. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து வீசிங். டாக்டர் நேராவே சொல்லிட்டார், பூனையை யாருக்காவது கொடுத்துடுங்கன்னு. அவ ஒண்ணும் சொல்லலை, ரெண்டு நாள் பேசவும் இல்லை. ஆறு மாசம் டைம் கேட்டு வாங்கியிருக்கேன்.

அதுக்கப்புறம்தான் இதெல்லாம் படிச்சேன். அலர்ஜி முடியால இல்லைங்க. பூனையோட எச்சில்லயும் தோல் சுரப்பியிலயும் வர்ற ஒரு புரதம், முடியிலயும் உதிர்ற தோல் துணுக்குலயும் ஒட்டிக்கிட்டு வருது. ரொம்பப் பொடி. துணிப் பை பெரிய தூசியை நிறுத்தும், இந்தப் பொடியைத் திரும்ப ரூமுக்குள்ளயே ஊதும். ஸ்பேங்ளர் அத்தனை பாடுபட்டு, தலையணை உறை வழியா அவரே அந்தப் பொடியைச் சுவாசிச்சிருப்பார். 0.3 மைக்ரான் துகளை 99.97 சதவீதம் பிடிக்கற ஹெப்பா வடிகட்டி அணுகுண்டுத் திட்டத்தோட 1940-கள்ல பிறந்தது, வீட்டு மெஷினுக்கு வர இன்னும் பல வருஷம் ஆச்சு.

அதனால என் முடிவு இது. பை இல்லாத மெஷின் ஆஸ்துமாக்காரனுக்கு ஆகாது. டப்பாவைத் தட்டும்போது பிடிச்ச தூசி முழுக்க மூஞ்சியில. காகிதப் பை, ஹெப்பா, ஸ்க்ரூடிரைவர் இல்லாம கழட்டக்கூடிய பிரஷ். வாரம் ஒரு தடவை கத்தரிக்கோலால உருளையில சுத்தின முடியை நீளவாக்குல வெட்டி எடுக்கறேன், ஒரு பிடி தேறுது. வீட்டுல இருந்த பழைய மெஷின் ரெண்டு பெல்ட்டைக் காவு வாங்கிச்சு, புதுசுல நாலு மாசமா பெல்ட் மாத்தலை. இன்ஹேலர் எடுக்கற ராத்திரியும் குறைஞ்சிருக்கு. ரெண்டு மாசம் பாக்கி இருக்கு.

பி.கு: 1876-ல மெல்வில் பிஸ்ஸல் பேடண்ட் வாங்கின, மோட்டாரே இல்லாத கம்பளத் துடைப்பான்ல இருந்த பிரஷ் பன்றி முடி. அதை வீட்டுலயே கட்டிக் கொடுத்தது அக்கம்பக்கத்துப் பெண்கள். 1889-ல அவர் இறந்ததும் கம்பெனியை நடத்தினது அவர் மனைவி ஆனா. அது தனிப் பதிவுக்கான கதை.