மணிபல்லவமும் பூநகரி மண்ணும்

கற்பனை உலகொன்றில் மெய்யுலகின் இயற்கை விதிகள் செல்லுபடியாகுமா என்னும் வினா அண்மைக் காலத்தில் விளையாட்டை முன்னிட்டுப் பெரிதும் விவாதிக்கப்படுகின்றது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமேற்று மந்திர உலகொன்றில் உலவுவர். அங்கே நெருப்பு எரியக் காற்று வேண்டுமா, பறக்கும் விலங்கின் எடையைச் சிறகுகள் தாங்குமா என்பன அவர்தம் வாதங்கள். வடஇலங்கையின் தொல்வரலாற்றை ஆராய்வோர்க்கோ இது விளையாட்டன்று. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவத்தையும் மகாவம்சத்தின் நாகதீபத்தையும் நிலப்படத்தில் குறிக்க முனைந்த ஒவ்வொருவரும் இவ்வினாவுக்கு, அறிந்தோ அறியாமலோ, விடை கூறியே வந்துள்ளனர். அவ்விடையின் மேல் இந்நிலம் ஆதியில் எவருடையது என்னும் வழக்கும் கட்டப்பட்டுவிட்டது.

முதலில் தூரத்தை நோக்குவோம். மணிமேகலா தெய்வம் புகாரிலிருந்து மணிமேகலையை முப்பது யோசனை தெற்கே வான்வழி கொண்டுசென்று மணிபல்லவத்தில் வைத்தது என்பது காப்பியச் செய்தி. யோசனையின் அளவு நூலுக்கு நூல் வேறுபடும். அதனை 8 கிலோமீற்றராகக் கொண்டால் 240 கிலோமீற்றர் தெற்கே மன்னார் வரும். 15 எனக் கொண்டால் 450 கிலோமீற்றர் சென்று கொழும்பை அண்மிக்க நேரும். நயினாதீவோ புகாரிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. யோசனையை 6 கிலோமீற்றராகச் சுருக்கினால் நயினாதீவு பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் அதே அளவில் கடனீரேரிக்குத் தெற்கேயுள்ள பூநகரியும் பொருந்திவிடும். விரும்பிய ஊரை அடையும்வரை அளவுகோலை நீட்டியும் குறுக்கியும் பெறும் முடிவு ஆராய்ச்சியாகாது. தெய்வம் பறந்த வழியை அளக்கப் புகுந்ததே பிழை. பறத்தல் என்பது புலவர் இயற்கை விதியை வேண்டுமென்றே விலக்கிய இடம்; அங்கே அளவுகோலுக்கு வேலையில்லை.

ஆனால் அதே காப்பியத்தில் விதிகள் விலக்கப்படாத இடங்கள் மிகப் பலவாம். ஆபுத்திரன் சாவகம் நோக்கிக் கப்பலேறுகின்றான். காற்று மிகுந்து கடல் கலங்கவே கப்பல் பாயிறக்கி மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகின்றது. கரையிறங்கியவன் மீண்டும் ஏறிவிட்டான் எனக் கருதிய வணிகர் அவனை விட்டுச் சென்றுவிடுகின்றனர். இங்கே தெய்வம் இல்லை. காற்றும் பாயும் மனிதப் பிழையுமே உள்ளன. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த வடபுலக் கடற்றொழிலாளர் எவரும் இக்காட்சியை உடனே ஏற்பர். கீழைக்கடல் செல்லும் மரக்கலங்கள் வடஇலங்கைத் தீவுகளை அண்டி ஒதுங்கும் வழக்கத்தைப் புலவரும் அவர் கேட்போரும் அறிந்திருந்தனர் என்ற அளவில் இது வரலாற்றுச் சான்றாகும்.

கையில் வற்றாத அமுதசுரபி இருந்தும், பிறர்க்கு ஊட்டாது தான்மட்டும் உண்ண ஒருப்படாத ஆபுத்திரன், அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர்விடுகின்றான். பாத்திரம் பொருளின் நியதியைக் கடந்தது. பசியும் சாவும் கடக்கவில்லை. பசி பொய்யானால் காப்பியத்தின் அறமே பொய்யாகிவிடும். பொய்கையும் இத்தகையதே. உவர்க்கடல் சூழ்ந்த சிறுநிலத்தில் நன்னீர் எவ்வாறு நிற்கும் என ஐயுறுவோர், மணலிலும் சுண்ணக்கல்லிலும் இறங்கும் மழைநீர் அடர்த்தி மிகுந்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதை நினைவுகூர்தல் வேண்டும். யாழ்ப்பாணக் கிணறுகள் யாவும் இவ்விதியாலேயே வாழ்கின்றன. ஆகவே பொய்கை இயற்கை. வைகாசி நிறைமதியில் அதினின்று பாத்திரம் எழுதல் மட்டுமே விலக்கு.

நாகர் பற்றிய செய்தியிலும் இப்பாகுபாடு பயன்படும். மணியாசனத்துக்காகப் போரிட்ட நாக மன்னர் இருவரைப் புத்தர் சமாதானம் செய்த கதை இரு நூல்களிலும் உண்டு. இதனைக் கொண்டு பாம்பின மக்கள் வாழ்ந்தனர் என்பாரும், கதையென முற்றாகத் தள்ளுவாரும் உளர். இரண்டும் அவசரமே. 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, பரணவிதானவின் வாசிப்பின்படி, வசப மன்னன் காலத்தில் நாகதீவத்தை நிருவகித்த அமைச்சனொருவனைக் குறிப்பிடுகின்றது. அமைச்சன் பாம்புகளை நிருவகித்திருக்க முடியாது. பெயர் மெய், பெயரைச் சூழ்ந்த படமெடுத்த தலைகள் கதை.

அம்மக்கள் யார் என்பதற்கு விடை தருவது மண்ணே. பூநகரிப் பிரதேசத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ப. புஷ்பரட்ணம் நிகழ்த்திய ஆய்வுகளில் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. பானை வனைந்தும் பெயரெழுதியும் வாழ்ந்த மனிதரின் எச்சங்கள் இவை. பல்லவக் கரையில் யார் பறந்தார் என்பதற்கு இவை சாட்சியல்ல. கடனீரேரியின் தென்கரை அக்காலத்தில் வெறும் மணற்காடாக இருக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகும். அவ்வாய்வு நூலாக வெளிவந்த 1993ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்திலேயே பூநகரி பெரும் போர்க்களமாயிற்று. தொல்லியலாளர் கவனமாகப் பிரித்தறிய வேண்டிய மண்ணடுக்குகளைப் பதுங்குகுழிகள் கலக்கின.

மணிமேகலையிலும் ஓர் அகழ்வு உண்டு என்பது பலர் கருத்திற்கொள்ளாதது. மறுபிறப்பில் சாவக அரசனாகிய ஆபுத்திரன் மீண்டும் மணிபல்லவம் வருகின்றான். மணிமேகலை வான்வழி செல்ல, அவன் கப்பலிலேயே வருகின்றான். புன்னை நிழலில் மணலைத் தோண்டத் தன் முன்னையுடலின் வெள்ளெலும்புகளைக் காண்கின்றான். மறுபிறப்பை நம்பிய புலவர் பழைய உடல் வாடாது கிடந்தது எனப் பாடியிருக்கலாம். அவர் அவ்வாறு பாடவில்லை. மணலுக்குள் தசை அழிந்து எலும்பு எஞ்சும் என்பதை அவர் அறிந்திருந்தார்.